மின்னூல்களில் படவிளக்கம்: நூலாசிரியரின் கடமை

தமிழியல் ஆய்வுநூல்கள் அச்சு வடிவோடு மின்வடிவிலும் வெளிவரும் காலம் இது. பிறர் படித்துக்காட்டக் கேட்டே பயின்றுவந்த பார்வையற்ற மாணவர்கள், இன்று திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணைகொண்டு தாமே படிக்கின்றனர். நூலில் எழுத்தாக உள்ளவற்றை அம்மென்பொருள் ஒலியாகவோ பிரெயில் எழுத்தாகவோ மாற்றித் தரும். படம் வரும் இடத்தில், அதனோடு இணைத்து எழுதப்பட்ட விளக்கம் இருந்தால் அதனைப் படிக்கும். இல்லையெனில் 'படம்' என்று மட்டும் கூறிக் கடந்துவிடும். இவ்விளக்கத்தை யார் எழுதுவது, எவ்வாறு எழுதுவது என்பன பெரும்பாலும் கணினித் துறையினர்க்குரிய வினாக்களாகவே கருதப்படுகின்றன. இவை உரையாசிரியர்க்கும் பதிப்பாசிரியர்க்கும் உரிய வினாக்கள் என்பதும், ஆய்வுநூலின் படவிளக்கத்தை நூலாசிரியரே எழுதவேண்டும் என்பதும் இக்கருத்துரையின் நிலைப்பாடு.

இவ்வெண்ணத்திற்கு வித்திட்டது ஒரு நிகழ்வு. என்னுடன் முனைவர்பட்ட ஆய்வு மேற்கொள்ளும் பார்வையற்ற நண்பர் ஒருவர், எழுத்து வரலாறு பற்றிய மின்னூல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். தமிழிக் கல்வெட்டொன்றின் மைப்படி இடம்பெற்ற பக்கத்தில் 'பழங்காலக் கல்வெட்டு' என்னும் விளக்கம் மட்டுமே இருந்தது. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே: "மெய்யெழுத்துகளின்மேல் புள்ளி இருக்கிறதா?"

அவ்வினா ஆய்வின் உயிர்நிலையைத் தொடுவது. மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. தமிழிக் கல்வெட்டுகளின் எழுத்துமுறையைப் படிநிலைகளாக வகுத்த ஐராவதம் மகாதேவன், 2003இல் வெளிவந்த தம் நூலில், புள்ளியின் வருகையைப் பிற்பட்ட நிலையின் அடையாளமாகக் கொண்டார். ஓலைச்சுவடிகளிலோ புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எனவே, புள்ளி இல்லாத மூலத்தின் படத்திற்குப் புள்ளியிட்ட வாசகத்தை மட்டும் விளக்கமாகத் தந்தால், படிப்பவர்க்குக் கிடைப்பது பதிப்பாசிரியரின் முடிவேயன்றிச் சான்று அன்று. பார்வையுடைய ஆய்வாளர் அம்முடிவைப் படத்தோடு ஒப்பிட்டு மறுக்க இயலும். பார்வையற்ற ஆய்வாளர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. பிறர் முடிவை ஏற்பதைத் தவிர வேறு வழியில்லாத நிலையில் அவரை நிறுத்துவது, அவரை ஆய்வுக்களத்திற்கு வெளியே நிறுத்துவதாகும்.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தொகுதியை மற்றோர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 'அருச்சுனன் தபசு' என்று படத்தின்கீழ் உள்ள தலைப்பையே விளக்கமாக இட்டுவிடுதல் எளிது. ஆனால், அது பகீரதன் தவமும் கங்கையின் வருகையுமே என்பாரும் உளர். ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம்செய்யும் ஒருவர், அவர் அருகே நான்கு கைகளுடன் நிற்கும் சிவன், பாறையின் நடுவே மேலிருந்து கீழாக அமைந்த பிளவு, அப்பிளவில் நாக உருவங்கள் என்பனவே கண்ணுக்குத் தெரிவன. பிளவும் நாகங்களும் கங்கையைக் குறிப்பன என்பது இரண்டாம் கருத்தினரின் சான்று. விளக்கத்தில் பிளவு விடுபட்டால் அவ்விவாதமே படிப்பவர்க்கு எட்டாது. ஆகவே, காணப்படுவது முதலிலும் கருதப்படுவது பின்னரும், இரண்டும் கலவாமல் எழுதப்பட வேண்டும்.

காணப்படுவன அனைத்தையும் எழுதுதல் இயலுமா என்னும் வினா இங்கு எழும். இயலாது, வேண்டுவதும் அன்று. படம் அந்நூலில் எதற்காக இடம்பெற்றது என்பதே தெரிவுக்கு அளவுகோல். அதே மாமல்லபுரப் படம் விலங்குச் சிற்பங்கள் பற்றிய நூலில் வருமாயின், யானைகளும், முன்னங்கால்களை உயர்த்தித் தவக்கோலத்தில் நிற்கும் பூனையும், அதனருகே உள்ள எலிகளும் முதன்மை பெறும். பக்க ஓரத்தில் அழகுக்காக இட்ட கொடிவரிக்கு விளக்கமே தேவையில்லை. இத்தெரிவைச் செய்யத்தக்கவர், படத்தை நூலுள் வைத்தவரே. மின்னூல் ஆக்கும் தொழில்நுட்பப் பணியாளர்க்கோ, இன்று படங்களைத் தாமே விவரிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கோ, கல்லில் எழுத்து உள்ளது என்பது தெரியலாம். அந்த இயலின் வாதம் அக்கல்லின் எந்த எழுத்தைச் சார்ந்து நிற்கிறது என்பது நூலாசிரியர்க்கே தெரியும்.

படத்தின் பணியைச் சொல்லால் செய்தல் தமிழுக்குப் புதிதன்று. நாடக அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் எனச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அளவு கூறுகிறது. வழக்கொழிந்துபோன யாழின் உறுப்புகளையும் அமைப்பையும் விபுலானந்த அடிகள் இலக்கியங்களிலும் உரைகளிலும் இருந்து தேடித் தொகுத்து ஆராய்ந்ததன் விளைவே 1947இல் வெளிவந்த யாழ்நூல். கருவியைக் காணமுடியாத காலத்தவர்க்கு உதவிய அச்சொற்களின் செறிவே, படத்தைக் காணவியலாத வாசகர்க்கும் வேண்டப்படுகிறது.

சட்டம் இதற்கு ஓரளவு வழிசெய்துள்ளது. 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத்தக்க வடிவில் நூல்களை ஆக்கிக்கொள்ள இசைவளித்தது. பார்வையற்றோர்க்கான நூல்கள் குறித்து 2013இல் உருவான மராகேசு உடன்படிக்கையை, 2014இல் முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. எனினும், வடிவமாற்றத்திற்கான இசைவு, எழுதப்படாத விளக்கத்தை உண்டாக்கிவிடாது.

இப்பணி பார்வையற்றோர்க்கு மட்டும் பயன்தருவது என்று கருதுதல் பிழை. நண்பரின் வினாவிற்கு விடைகூற முயன்றபோது, அம்மைப்படியைப் பலமுறை பார்த்திருந்தும் புள்ளி உள்ளதா என்று நான் ஒருமுறையேனும் தேடிப் பார்த்ததில்லை என்பது புலனாயிற்று. படத்தை உருப்பெருக்கி, எழுத்தெழுத்தாக நோக்கிய பின்னரே அவருக்கு விடைகூற முடிந்தது. விளக்கம் எழுதவேண்டும் என்னும் கட்டாயம் எழுதுபவரையும் உற்றுநோக்கச் செய்யும்.

தமிழ்த்துறைகள் இதில் செய்யத்தக்கவை மூன்று. ஆய்விதழ்கள் படங்களை ஏற்கும்போதே, ஓரிரு தொடரில் குறுவிளக்கமும், சான்றாக அமையும் படங்களுக்கு விரிவிளக்கமும் கட்டுரையாளரிடம் கோரிப் பெறவேண்டும். மதிப்பீட்டாளர் கட்டுரையோடு அவற்றையும் மதிப்பிடவேண்டும். முதுகலைப் பதிப்பியல் பாடத்தில் சுவடி, கல்வெட்டு, சிற்பம் ஆகியவற்றின் படங்களுக்கு விளக்கம் எழுதுதல் ஒரு பயிற்சியாக இடம்பெறவேண்டும். எழுதிய விளக்கங்களை அத்துறையின் பார்வையற்ற ஆய்வாளர்கள் படித்து, ஐயம் எழும் இடங்களைச் சுட்டிய பின்னரே இறுதிசெய்தல் வேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருட்செலவு தேவையில்லை. நம் ஆய்விதழின் அடுத்த இதழிலிருந்தே முதலாவதைத் தொடங்கலாம்.