நலமாய் வாழ்வோம்: இரத்தம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை



கர்ப்பவதியாகக் கிளினிக்கிற்குப் போனாலும், சீனி வருத்தத்திற்கு மருந்தெடுக்கப் போனாலும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். யுத்த காலத்தில் இரத்தத்தைப் பார்த்து மனம் நொந்த பெண்கள் சிலர் அந்தக் கதிரையில் இருக்கவே அஞ்சுகிறார்கள். வேறு சிலர், "அவை படிச்ச ஆக்கள், நாங்கள் என்னத்தைக் கேட்கிறது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுகிறார்கள். நடப்பது என்ன என்று தெரிந்தால் பயம் குறையும்; கேட்கும் துணிவும் வரும்.

இந்தப் பரிசோதனைகளின் பயன் பெரியது. கர்ப்பவதிகளின் இரத்தத்தைச் சோதித்து உரிய சிகிச்சை அளித்து வந்ததால், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் சான்றளித்தது. ஆனால் அதே ஆண்டில் பாகிஸ்தானின் ரத்தோடேரோ என்ற ஊரில் நூற்றுக்கணக்கான சிறுவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது தெரியவந்தது. பாவித்த ஊசிகளைத் திரும்பப் பாவித்தது அதற்கு முக்கிய காரணம். ஊசி ஒன்றுதான், நன்மையும் தீமையும் அதைக் கையாளும் விதத்தில் இருக்கின்றன.

எடுப்பதற்கு முன்

உங்கள் முழுப்பெயரை நீங்களே சொல்லுங்கள். ஊசியும் சிறிஞ்சும் உங்கள் முன்னால் புதிய உறையிலிருந்து எடுக்கப்பட வேண்டும். எடுப்பவர் கை கழுவிக் கையுறை அணிய வேண்டும். ஸ்பிரிற் பூசிய இடம் அரை நிமிடமாவது காய வேண்டும். அதன்பின் அந்த இடத்தை விரலால் தொடக்கூடாது. கையில் கட்டும் பட்டியை ஒரு நிமிடத்திற்கு மேல் இறுக்கி வைத்தால் முடிவுகள் மாறக்கூடும்.

ஷெல் பட்ட தழும்பு, எரிகாயம், உள்ளே துண்டு இருக்கும் கை என்றால் முன்கூட்டியே சொல்லி மற்றக் கையைக் கொடுங்கள். ஒரு கைதான் உண்டு என்றால் அதையும் சொல்லுங்கள்; புறங்கை நாளத்திலும் எடுக்கலாம். தலைசுற்றும் பழக்கம் இருந்தால் படுத்தபடி எடுக்கும்படி கேளுங்கள்.

எடுத்த பின்

கையை மடிக்காமல் நீட்டி, பஞ்சால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். மடித்தால் இரத்தம் கசிந்து கன்றிப் போகும். பாவித்த ஊசிக்கு மூடி போடாமல் உடனே அதற்குரிய பெட்டிக்குள் போட வேண்டும். குப்பியில் உங்கள் பெயர் எழுதுவதை நின்று பாருங்கள். பெயர் மாறினால் மருந்தும் மாறும்.

ஆய்வுகூடத்திற்குக் கொண்டு போகும்படி குப்பியை உங்களிடம் தந்தால் குலுக்காதீர்கள். இரத்தக் கலங்கள் உடைந்துவிடும். வெயில் படாமல், நிமிர்த்திப் பிடித்து, தாமதிக்காமல் கொடுங்கள். சாதாரண குப்பியில் இரத்தம் கிடக்கக் கிடக்க அதிலுள்ள சீனியைக் கலங்களே உண்டுவிடும். அதனால் சீனியளவு உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். இதைத் தடுக்கத்தான் சீனிப் பரிசோதனைக்கு மருந்து போட்ட வேறு குப்பி வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் மீற்றர் இருந்தால்

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய சீனி பார்க்கும் மீற்றர் இன்று பல வீடுகளில் உண்டு. அயலவர்களும் வந்து பார்த்துப் போவார்கள். உதவி செய்வது நல்லதே. ஆனால் விரலில் குத்தும் கருவியை இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது. ஊசியை மாற்றினாலும் கருவியில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் ஒட்டியிருக்கும். ஈரலைத் தாக்கும் ஹெப்பரைற்றிஸ் பி கிருமி, காய்ந்த இரத்தத்திலும் குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். புருசனும் பெண்சாதியும் என்றாலும் ஆளுக்கொரு கருவி வேண்டும். ஒவ்வொரு முறையும் புது ஊசி வேண்டும்.

பாவித்த ஊசிகளை வளவுக்குள் எறியாதீர்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடும் இடம் அது. மூடியுள்ள தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் சேர்த்து, முக்கால்வாசி நிறைந்ததும் எங்கே ஒப்படைக்கலாம் என்று உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

சகோதரிகளே, "மிஸ்ஸி, இது புது ஊசிதானே?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. தன் வேலையைச் சரியாகச் செய்பவர் அதற்குக் கோபிக்க மாட்டார். எத்தனையோ இழப்புகளைத் தாங்கிக் குடும்பத்தைச் சுமக்கும் உங்கள் உடல் நலமாக இருக்க வேண்டும். அதற்காகத் தயங்காமல் கேளுங்கள்.