கழுத்து வலிக்குக் காரணம் நாற்காலி மட்டும்தானா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா, எந்த ஆண்டி வைரஸ் நல்லது என்றெல்லாம் பலரிடம் விசாரிக்கிறார்கள். அதை எங்கே வைப்பது, எப்படி உட்காருவது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கழுத்து வலி, மணிக்கட்டில் குடைச்சல் என்று வந்த பிறகுதான் அந்தக் கேள்வி எழுகிறது. அப்போதும் பலர் செய்வது, விலை உயர்ந்த நாற்காலி, ஜெல் வைத்த மவுஸ் பேட், கழுத்துப் பட்டை என எதையாவது வாங்குவதுதான். இது சரியான வழி அல்ல என்பது என் கருத்து. பெரும்பாலும் பிரச்னை நாம் வாங்காமல் விட்ட பொருளில் இல்லை. அசையாமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இருக்கிறது.

அசையாவிட்டால் என்ன ஆகும்?

நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்து இருக்கும்போது முதுகெலும்பு அதைத் தாங்கிக் கொள்கிறது. தலை முன்னால் குனிந்தால், அதை இழுத்துப் பிடிக்கும் வேலை கழுத்தின் பின்பக்கத் தசைகளுக்கு வந்து விடுகிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் எளிதாகச் சுமக்கலாம். அதையே கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

தசை சுருங்கித் தளரும்போது அதில் இரத்தம் நன்றாகப் பாய்கிறது. மணிக்கணக்கில் இறுகியே இருந்தால் தசை களைத்து வலிக்கத் தொடங்குகிறது. 'நேராக உட்கார்' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது நல்லதுதான். ஆனால் 3 மணி நேரம் அசையாமல் நேராக உட்கார்ந்தாலும் வலிக்கும்!

எல்லா வலியும் ஒன்றல்ல

மணிக்கட்டில் வலி என்றாலே 'கார்பல் டனல்' என்று நாமே முடிவு செய்து விடுகிறோம். மணிக்கட்டில் உள்ள ஒரு குறுகிய பாதை வழியாக, விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் என்ற நரம்பும் செல்கின்றன. இந்த நரம்பு நெருக்கப்பட்டால் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்துப் போகும். இரவில் அதிகமாகும். கையை உதறினால் சற்றுக் குறையும்.

சுண்டு விரல் மரத்துப் போனால் அது வேறு நரம்பு. முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றியே வேலை செய்வது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கட்டை விரல் பக்கம் மட்டும் வலித்தால் அங்குள்ள தசைநாண் உறையில் பிரச்னை இருக்கலாம். நாள் முழுக்கச் செல்போனில் கட்டை விரலால் டைப் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2003ல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில் ஏறத்தாழ 7 ஆயிரம் கம்ப்யூட்டர் ஊழியர்களைக் கவனித்தார்கள். கீ போர்டு கார்பல் டனலுக்குப் பெரிய காரணமாகத் தெரியவில்லை. வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடித்தவர்களிடம்தான் அதன் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. எனவே கடையில் ஒரு பட்டையை வாங்கிக் கட்டிக் கொள்வதற்கு முன், எந்த விரல், எந்த நேரம் என்று குறித்துக் கொண்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். என்னுடன் வேலை பார்க்கும் ஒருவர் யாரையும் கேட்காமல் மாதக்கணக்கில் கழுத்துப் பட்டை அணிந்திருந்தார். தசைகள் வேலையின்றிப் பலவீனமானதுதான் மிச்சம்.

லேப்டாப்புக்கு ஒரு கீ போர்டு

நான் செலவு செய்யச் சொல்வது ஒன்றே ஒன்றுக்குத்தான். லேப்டாப்பில் திரையும் கீ போர்டும் ஒட்டியே இருக்கின்றன. கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் தோள் தூக்கிக் கொள்ளும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் தனி கீ போர்டு, மவுஸ் வாங்குங்கள். லேப்டாப்பைப் பழைய புத்தகங்களின் மேல் வைத்தால் போதும்.

மற்றவை செலவில்லாதவை:

* திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். பைஃபோகல் கண்ணாடி அணிபவர்கள் திரையைச் சற்றுத் தாழ்வாக வைக்கவும்.

* டைப் செய்யும்போது தோள் தளர்ந்து, முழங்கை உடலை ஒட்டி இருக்கட்டும்.

* குழந்தைகளின் கால் தரையில் எட்டாமல் தொங்கினால், காலடியில் மனைப்பலகை போடுங்கள்.

* அரை மணிக்கு ஒரு முறை எழுந்திருங்கள். பெரிய பாட்டிலுக்குப் பதில் சிறிய டம்ளரில் தண்ணீர் வைத்துக் கொண்டால், எழுந்தே ஆக வேண்டும்!

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

சாதாரண முதுகு வலிக்குப் படுத்தே இருப்பதை விட, முடிந்தவரை நடமாடுவதே நல்லது. ஆனால் கை அல்லது காலில் பலம் குறைந்தாலோ, மரத்துப் போவது நீடித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். முதுகு வலியுடன் உட்காரும் பகுதி மரத்து, சிறுநீர் அடக்க முடியாமலோ வெளியேறாமலோ போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நெஞ்சு வலியுடன் கையும் வலித்தால் மவுஸைக் காரணம் காட்டிக் காத்திருக்காதீர்கள்.

கம்ப்யூட்டர் விற்கும் கடைகள் பிரிண்டரையும் ஆண்டி வைரஸையும் சேர்த்து விற்கின்றன. மேஜை உயரம் பற்றி ஒரு நிமிடம் பேசினால் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. அவர்கள் சொல்லா விட்டால் நீங்களே கேளுங்கள். கீ போர்டு கெட்டால் அடுத்த நாளே வேறு வாங்கி மாட்டலாம். மணிக்கட்டுக்கு அந்த வசதி இல்லை. இதைப் படித்து முடித்ததும் ஒரு முறை எழுந்து நடந்து விட்டு வாருங்களேன்!