தேனீக்கும் உண்டு பள்ளிக்கூடம்

பூச்சி ஏன் அப்படிச் செய்கிறது என்று கேட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேர் சொல்லும் பதில், "இயல்பூக்கம்". பிறவியிலேயே வருவதாம். கேள்வியும் முடிந்தது, யோசிப்பதும் முடிந்தது :-)

கொஞ்சம் பொறுங்கள் மக்களே. கொடைக்கானல் மலையில் குறிஞ்சி 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, இனி 2030-ல். வேலைக்காரத் தேனீயின் ஆயுளோ சில வாரம், அதிகம் போனால் சில மாதம். 2030-ல் தேன் எடுக்கப் போகும் எந்த வேலைக்காரத் தேனீயும் அந்தப் பூவை முன்பின் பார்த்திருக்காது. மணம், நிறம், வழி என்று எல்லாவற்றையும் புதிதாகக் கற்றாக வேண்டும். தூரமும் திசையும் சொல்வது, கூடு திரும்பிய மூத்த தேனீ ஆடும் நடனம்.

"அந்த நடனம் பிறவிக்குணம்தானே?" என்பீர்கள். அதுவும் பாதிதான். 2023-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த சீன ஆய்வில், மூத்தவற்றின் ஆட்டத்தைப் பின்தொடரும் வாய்ப்பே இல்லாமல் வளர்ந்த இளம் தேனீக்கள் தப்பும் தவறுமாக ஆடின. பழகப் பழகத் திசை தேறியது. தூரம் மட்டும் கடைசிவரை தேறவில்லை. அது பெட்டியில் வளர்க்கும் ஐரோப்பிய இனம், நம் மலைத்தேனீ அல்ல. ஆனால் நடனம் இரண்டுக்கும் உண்டு.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது? இருக்கிறது. தேனீயை எந்திரம் என்று நினைப்பதால்தான், மருந்தடித்த பிறகு அது சாகவில்லை என்றால் "பாதிப்பில்லை" என்று முடிவு கட்டுகிறோம். 2012-ல் தைவான் ஆய்வாளர்கள் தேனீப் புழுக்களுக்கு மிகச் சிறிய அளவில் இமிடாகுளோபிரிட் கொடுத்தார்கள். புழுக்கள் பிழைத்தன, சிறகு முளைத்தன. ஆனால் ஒரு மணத்தையும் அதோடு கிடைத்த இனிப்பையும் சேர்த்து நினைவில் வைக்கும் திறன் குறைந்துபோனது. குழந்தைப்பருவத்தில் தின்ற விஷம், வளர்ந்தபின் மறதி!

ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் திறந்தவெளிப் பயிர்களுக்கு இந்த மருந்தைத் தடை செய்தது. இந்தியாவில் இன்றும் கடையில் கிடைக்கிறது. பூம்பாறை, மன்னவனூர் விவசாயியைத் திட்டிப் பயனில்லை. எந்த ஊர் விவசாயியும் டப்பாவில் எழுதியிருப்பதை நம்பித்தான் அடிக்கிறார். அனுமதி கொடுப்பவர்களிடம் கேளுங்கள்: எத்தனை செத்தது என்று எண்ணினால் போதுமா? பிழைத்தது எதை மறந்தது என்று பார்க்க வேண்டாமா?

மலையில் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே தேனீக்கு வேலி கிடையாது. இப்படியே போனால் 2030-ல் குறிஞ்சி பூக்கும், தேனீயும் பறக்கும், வழிதான் தெரியாது.