பொன்னாடை ஆருக்கு?

ஆடி, ஆவணி வந்தால் எங்கட ஊர்களில் அழைப்பிதழ்களுக்குக் குறைவில்லை. கோயில் திருவிழாக்கள் ஒரு பக்கம், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து நிற்கிறவர்களை முன்னிட்டு வைக்கிற விழாக்கள் இன்னொரு பக்கம். வாசிகசாலை ஆண்டு விழா, விளையாட்டுக் கழக விழா, முன்பள்ளிக் கலைவிழா, புத்தக வெளியீடு என்று எதை எடுத்தாலும் நிகழ்ச்சி நிரலில் ‘கௌரவிப்பு’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த அழைப்பிதழை ஒருக்கா ஆறுதலாகப் பாருங்கோ. பிரதம விருந்தினரின் பெயர் பெரிய எழுத்தில், பதவியோடு, பட்டத்தோடு, சிலவேளை படத்தோடும் இருக்கும். பிறகு சிறப்பு விருந்தினர்கள், அதுக்குப் பிறகு கௌரவ விருந்தினர்கள். கௌரவிக்கப்படப் போகிறவர் ஆர் என்று தேடினால் பெயரே இராது. ‘சமூக சேவையாளர்கள் கௌரவிப்பு’ என்பதோட அவற்றை கதை முடிஞ்சுது.

ஊருக்கு உழைத்தவர்களை ஊர்கூடிக் கௌரவிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கட்டாயம் செய்யவேணும். சம்பளமும் இல்லாமல், பதவியும் இல்லாமல், வீட்டில் பேச்சும் வாங்கிக்கொண்டு ஊர்வேலை செய்கிற ஒரு மனிசருக்கு, ‘நீங்கள் செய்தது எங்களுக்குத் தெரியும்’ என்று நாலு பேருக்கு முன்னால் சொல்வது சின்ன விஷயமில்லை. எங்கட கேள்வி வேறை. இப்ப நடக்கிற கௌரவிப்புகளில் ஆர் ஆரைக் கௌரவிக்கினம்?

இதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. எங்கட கோயில்களில் திருவிழா முடிவில் காளாஞ்சி கொடுக்கிற வழக்கம் எல்லாருக்கும் தெரியும். தட்டில் இருப்பது தேங்காயும் பழமும் வெற்றிலையும்தான். ஆனால் ஆருக்கு முதல், ஆருக்குப் பிறகு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதுக்காகச் சண்டை பிடிச்சுப் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் எங்கட ஊர்களில் இருக்கின்றன. காளாஞ்சி ஒருவர் செய்த வேலைக்குரிய நன்றியல்ல, அவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்பதற்கான அறிவிப்பு. பொன்னாடையும் மெல்ல மெல்ல அதே வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது. வங்கி முகாமையாளருக்கு ஒன்று, அதிபருக்கு ஒன்று, மண்டபத்துக்குக் காசு அனுப்பினவருக்கு ஒன்று, வந்த அரசியல்வாதிக்கு ஒன்று, அவரோட கூட வந்தவருக்கும் ஒன்று. விருந்தினரை வாசலிலிருந்து மேடைவரை வாசித்து அழைத்து வந்த நாதஸ்வர, தவில் கலைஞர்கள் பந்தலின் ஓரத்தில் நின்று சோடா குடிக்கினம். அவர்களுக்குக் கதிரை போடவேணும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றுவதில்லை. இதில் சாதி இல்லை என்று சொல்கிறவர்கள், தங்கட ஊரில் கடைசியாக நடந்த மூன்று கௌரவிப்பு விழாக்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எங்களோட கதைக்க வரலாம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போகும் உரிமை கேட்டு இருந்தவர்களுக்கு எத்தனை ஊர் மேடைகளில் பொன்னாடை போர்த்தப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாலும் போதும்.

பட்டங்களின் கதையும் இதுதான். ஒரு காலத்தில் பட்டம் பேரோட ஒட்டிக்கொண்டது. நடிகமணி என்றால் வி.வி. வைரமுத்து. பண்டிதமணி என்றால் சி. கணபதிப்பிள்ளை. கலையரசு என்றால் சொர்ணலிங்கம். சனங்களே சொல்லிச் சொல்லி அதைப் பெயராக்கிவிட்டார்கள். வைரமுத்து அரிச்சந்திரனாக மயானத்தில் நின்று பாட, விடிய விடிய இருந்து பார்த்தவர்களின் வாயில் நிலைத்த பட்டம் அது. இப்ப மேடைக்கு மேடை ஜோதி, கீர்த்தி, மாமணி, திலகம். நாட்டுக்கும் இந்த ஆசை உண்டு. 1986இல் தேசிய கௌரவங்கள் என்று தேசமான்ய, தேசபந்து முதலான பட்டங்களை அரசு ஏற்படுத்தியது. கொஞ்சக் காலத்தில் அவற்றின் ஓசையோட கிட்டத்தட்ட ஒத்துப்போகிற பெயர்களில் தனியாரும் பட்டம் கொடுக்க வெளிக்கிட்டினம். கேட்கிறவருக்கு எது அரசு கொடுத்தது, எது மண்டபம் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தது என்று தெரியாது. சமாதான நீதவான் பதவி எதற்காக இருக்கிறது என்பதை விட, கலியாணக் காட்டில் பேருக்குப் பின்னால் ‘ஜே.பி.’ போடலாம் என்பதே எங்கட ஊரில் கன பேருக்குப் பெரிசாகத் தெரிகிறது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மூத்த கலைஞர்களுக்கு அரசு வழங்குகிற கலாபூஷணம் போன்ற விருதுகளுக்குப் பிரதேச செயலகம் ஊடாக விண்ணப்பிக்கவேணும். படிவம், சான்றிதழ்களின் பிரதிகள், பத்திரிகைத் துண்டுகள் எல்லாம் வைக்கவேணும். அரச காசு என்றபடியால் ஒரு ஒழுங்கு வேணும்தான், அதை மறுக்கேலாது. ஆனால் நாற்பது வருஷம் கூத்துப் பழக்கின ஒரு அண்ணாவியாரிடம் பத்திரிகைத் துண்டு எங்கே இருக்கும்? இடம்பெயர்வில் வீடே போனது. அவரிடம் மிஞ்சியிருப்பது மனதில் உள்ள பாட்டும், அதைப் பழகின பெடியளும்தான். படிவம் நிரப்பத் தெரிந்தவர் விருது வாங்குகிறார். படிவம் நிரப்ப ஆளில்லாதவர் விழாவில் காப்புப் பாட்டுப் பாடிவிட்டு வீட்டை போகிறார்.

நல்ல முன்மாதிரி எங்களிடம் இல்லாமல் இல்லை. டொமினிக் ஜீவா 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். சலூன் தொழிலாளியாக இருந்து எழுத்துக்கு வந்தவர். அந்தச் சஞ்சிகையின் அட்டையில் நடிகைகளின் படம் வரவில்லை. எங்கட எழுத்தாளர்கள், கலைஞர்கள், சமூகத்துக்காக உழைத்தவர்களின் முகங்கள் வந்தன. அட்டையில் முகம், உள்ளே அந்த மனிதரைத் தெரிந்த ஒருவர் எழுதின கட்டுரை. பெரும்பாலும் ஆள் உயிரோட இருக்கேக்கையே. பிறகு அந்தக் கட்டுரைகள் தொகுப்புகளாகவும் வந்தன. மாலை வாடிப்போகும், பொன்னாடை அலுமாரிக்குள் போகும். ஆனால் மல்லிகையின் பழைய இதழைத் திறந்தால், அந்த மனிதர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதை இன்றைக்கும் வாசிக்கலாம். அதே ஜீவாவுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவ முதுமாணிப் பட்டம் தர முன்வந்தபோது அவர் அதை ஏற்கவில்லை. கொடுக்கிற எல்லாவற்றையும் குனிந்து வாங்கத் தேவையில்லை என்பதும் அவர் எங்களுக்குக் காட்டின ஒன்றுதான்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எடுங்கோ. 1981இல் அது எரிக்கப்பட்டதை எங்கட தலைமுறையில் ஆரும் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. ஆனால் தொடக்கினது ஆர் என்று கேட்டால் எங்கட வயதுக்காரரில் எத்தனை பேர் சொல்லுவினம்? 1933இல் க.மு. செல்லப்பா என்பவர் தன்ரை வீட்டில் புத்தகங்களை வைத்து ஊராருக்கு வாசிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருஷம் அது ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்கு மாறியது. தொடக்கத்தில் இருந்தது 844 புத்தகங்கள். பெரிய கட்டடமும் பல்லாயிரக்கணக்கான நூல்களும் அந்த அறையிலிருந்துதான் வந்தன. தீ வைத்தவர்களைப் பற்றி நாங்கள் கதைக்கிற நேரத்தில் பத்திலொரு பங்காவது அந்த மனிதரைப் பற்றியும் கதைக்கலாம்.

தனிமனிதர்களுக்கே இப்படியென்றால் குழுக்களின் பாடு இன்னும் மோசம். ஒரு மாதர் சங்கத்தைக் கௌரவிக்கிறோம் என்று அறிவித்து, தலைவியை மட்டும் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கேடயம் கொடுத்து அனுப்புகிறார்கள். பதினைந்து வருஷமாகச் சீட்டுக்கணக்கு எழுதினவர், மழைவெள்ளத்தில் பொது அடுப்பு மூட்டிச் சமைத்தவர், செத்தவீட்டுக்குக் கதிரையும் தேத்தண்ணிக் கோப்பையும் கணக்குப் பார்த்துக் கொடுத்து வாங்கினவர் எல்லாம் கீழே இருந்து கை தட்டுகிறார்கள். மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 வருஷமானதை ஒட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. அந்தச் சனங்கள் ஒருகாலம் நடந்து வந்த, நடக்கும்போதே செத்து விழுந்த வழியில் திரும்ப நடப்பது. ஒரு குழுவை, அதுவும் பெயர் தெரியாத முன்னோரை, கௌரவிப்பதற்கு அதைவிடப் பொருத்தமான வழி அண்மைக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்து வேறை இல்லை. அதில் ஆரும் ஆருக்கும் பொன்னாடை போர்த்தவேண்டி இருக்கவில்லை.

‘உதுகளைப் பெரிசாக்கி என்ன பிள்ளையள், ஒரு சால்வைதானே, வயசு போனதுகளுக்கு ஒரு சந்தோசம்’ என்று ஒரு ஐயா எங்களிடம் சொன்னார். அந்தச் சந்தோசம் உண்மையானது, அதை நாங்கள் பகிடி பண்ணவில்லை. ஆனால் அதே சந்தோசத்தைக் கொடுக்கிறதுக்கு ஏன் அவர்களை மூன்று மணிக்கு வரச் சொல்லி, நாலரைக்குப் பிரதம விருந்தினர் வரும்வரை வெயிலில் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி, ஆறு உரைக்குப் பிறகு ‘நேரம் போதாமையினால்’ ஒரே மூச்சில் பெயர் வாசித்து, போட்டோ எடுத்து இறக்கவேணும்? எங்களுக்குத் தெரிந்த ஒரு விழாவில் கௌரவம் பெற்ற முன்பள்ளி ஆசிரியை ஒருவரின் பெயரையே பிழையாக வாசித்தார்கள். அவர் திருத்தச் சொல்லிக் கேட்கவில்லை, ஏனென்றால் ஒலிவாங்கி அவரின் கைக்கு வரவே இல்லை.

இதைத்தான் முதலில் மாத்தவேணும். கௌரவிக்கப்படுகிறவர் கதைக்கவேணும். பிரதம விருந்தினரின் உரையைக் குறைத்து அந்த இருபது நிமிஷத்தை அவருக்குக் கொடுங்கோ. மேடையில் தனியக் கதைக்கக் கூச்சமென்றால் ஊர்ப்பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்து கேள்வி கேட்கலாம்: அந்தக் கிணறு எப்படிப் பொதுக்கிணறானது, யுத்த நேரம் வாசிகசாலைப் புத்தகங்களை எங்கே ஒளிச்சு வைச்சனீங்கள், முதல் பிரசவம் பார்க்கச் சைக்கிளில் எவ்வளவு தூரம் போனனீங்கள். ஆரைத் தெரிவு செய்வது என்று நிர்வாகசபை தனக்குள் முடிவெடுக்காமல், வீடு வீடாகப் போய் ‘உங்களுக்கு ஒரு அவசரமெண்டால் ஆரட்டை ஓடுவியள்?’ என்று கேட்டால் போதும். அந்தப் பட்டியலில் குடும்பநல உத்தியோகத்தர் வருவார், ஓட்டோ ஓடுகிற அண்ணை வருவார், நகரசபைச் சுகாதாரத் தொழிலாளி வருவார். வங்கி முகாமையாளர் வருவாரோ தெரியாது.

மேடை சரிவராத ஆட்களும் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி 2017 மாசியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் இருக்கத் தொடங்கிய அம்மாக்களுக்குப் பொன்னாடை எதற்கு? அவர்கள் கேட்பது பதில். அவர்களின் கொட்டகைக்குப் போய், ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்து, சொல்கிறதைக் கேட்டு வருவதைத்தான் எங்களால் கௌரவம் என்று சொல்ல முடியும்.

எழுதுகிற பழக்கம் எங்கட சனத்திடம் இல்லை என்று சொல்லாதேங்கோ. 31ஆம் நாள் வந்தால் ஒவ்வொரு வீடும் நினைவு மலர் அடிக்கிறது. படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், வம்சம் எல்லாம் இருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் அப்படியான மலர்கள் ஏராளமாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன, போய்ப் பாருங்கோ. சில மலர்களுக்குள் ஒரு ஊரின் சரித்திரமே இருக்கிறது. ஆனால் எழுதப்பட்டவர் அதை வாசிக்கவில்லை. அதில் பிழை இருந்தால் திருத்தவும் ஆளில்லை. அதே பதினாறு பக்கத்தை ஆள் இருக்கேக்கை எழுதி, அவரிடமே வாசித்துக் காட்டி, விழாவில் சால்வைக்குப் பதிலாக வந்த ஒவ்வொருவரின் கையிலும் ஒன்று கொடுத்தால் என்ன? அடுத்த ஆண்டு விழாவுக்கு உங்கட ஊர் நிர்வாகசபை கூடும்போது இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கோ. எழுதித் தர ஆளில்லை என்று சொன்னால் எங்களுக்குச் சொல்லுங்கோ, ஒலிப்பதிவுக் கருவியோட நாங்கள் வாறம்.