எண்ணெய்க் குழாயைத் திருகிய முதல்வர்

புது தில்லி: கனிமங்களுக்கான ராயல்டி வரியாகாது, கனிம உரிமைகள் மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஜூலை 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 8-1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தமிழக அரசுக்கு எதிராக இந்தியா சிமெண்ட்ஸ் தொடர்ந்த வழக்கில் 1989-இல் வழங்கப்பட்ட தீர்ப்பு இதனால் செல்லாததாகியது. மண்ணுக்கடியில் உள்ள செல்வம் யாருக்கு என்ற இதே கேள்வியை அரசியல் களத்தில் எழுப்பி, மத்திய அரசைப் பேச்சுக்கு இழுத்த தலைவர் ஒருவர் கனடாவில் இருந்தார்.

அவர் ஆல்பர்ட்டா மாகாண முதல்வராக 1971 முதல் 1985 வரை பதவி வகித்த பீட்டர் லாஹீட். முற்போக்கு கன்சர்வேடிவ் கட்சியின் மாகாணத் தலைமையை இந்த வழக்கறிஞர் 1965-இல் ஏற்றபோது, முந்தைய பொதுத் தேர்தலில் அக்கட்சி ஓர் இடத்தில்கூட வென்றிருக்கவில்லை. 1967-இல் 6 இடங்கள். 1971-இல் 75-க்கு 49. முப்பத்தாறு ஆண்டுகள் ஆண்ட சோஷியல் கிரெடிட் கட்சி வீழ்ந்தது.

கனடாவில் இயற்கை வளம் மாகாணங்களின் சொத்து. ஆல்பர்ட்டாவுக்கு அந்த உரிமை 1930-இல்தான் கிடைத்தது. 1973-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை எகிறியபோது, உள்நாட்டு விலையை ஒட்டாவா அரசு குறைத்தே வைத்தது. கிழக்கு மாகாணங்களின் தொழிற்சாலைகள் பயனடைந்தன, இழப்பு ஆல்பர்ட்டாவுக்கு. சரக்குக் கட்டண சமன்பாட்டுக் கொள்கையால் ஜார்க்கண்டும் ஒடிஸாவும் அடைந்த நஷ்டத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் குமுறல் புதிதல்ல.

1980 அக்டோபர் 28-இல் பியர் ட்ரூடோ அரசு தேசிய எரிசக்தித் திட்டத்தை அறிவித்தது. இரண்டே நாளில் லாஹீட் தொலைக்காட்சியில் தோன்றினார். எண்ணெய் உற்பத்தி மூன்று கட்டங்களாக நாளொன்றுக்கு மொத்தம் 1,80,000 பீப்பாய் குறைக்கப்படும் என்றார். நாட்டில் தட்டுப்பாடு ஏற்பட்டால் அது நிறுத்தி வைக்கப்படும் என்றும் உறுதி கூறினார். இந்த நிபந்தனையில்தான் அவருடைய சாமர்த்தியம் இருந்தது. போராட்டம் பிரிவினையாக அவர் இடம் தரவில்லை. 1982 பிப்ரவரி இடைத்தேர்தலில் பிரிவினைக் கட்சியொன்று வென்றது. நவம்பர் பொதுத் தேர்தலில் 79-இல் 75 இடங்களை அவரே பிடித்தார். பிரிவினைக் கட்சிக்கு ஓர் இடமும் இல்லை.

கடிதம், தீர்மானம், அவையில் வெளிநடப்பு என்பதோடு நம் மாநிலங்களின் எதிர்ப்பு பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. இதற்குத் தலைவர்களை மட்டும் குறை கூறுவதில் நியாயமில்லை. எண்ணெய் வயல்கள் நமது அரசியல் சட்டத்தில் மத்தியப் பட்டியலில் உள்ளன. திருகுவதற்கு மாநிலங்களிடம் குழாயே இல்லை.

1981 செப்டம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. ட்ரூடோவும் லாஹீடும் மதுக்கோப்பை உயர்த்திய படம் வெளியாகி, சொந்த மாகாணத்திலேயே அவருக்குச் சங்கடம் ஏற்படுத்தியது. ஆனால் 1982-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 92-ஏ பிரிவு, வளங்கள் மீதான மாகாண அதிகாரத்தை ஐயமின்றி உறுதி செய்தது. அதுவே நிலைத்த வெற்றி.

சேமிப்பில்தான் கணக்கு தவறியது. எண்ணெய் வருவாயில் 30 சதவீதத்தை ஒதுக்க 1976-இல் அவர் தொடங்கிய பாரம்பரிய நிதியத்துக்கு, அவர் காலத்திலேயே ஒதுக்கீடு பாதியாயிற்று, 1987-இல் நின்றேபோனது. 1996-இல் முதல் தொகையைச் செலுத்திய நார்வேயின் நிதியம் ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஆல்பர்ட்டாவிடம் இருப்பது அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

ஓய்வுக்குப் பிறகு, 2006-இல், எண்ணெய் மணல் திட்டங்களின் வேகத்தைக் குறைக்குமாறு லாஹீட் வலியுறுத்தினார். அப்போது ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சிதான், கேட்கவில்லை. 2012 செப்டம்பரில் அவர் காலமானார்.