பாட்டில் சொல் புலப்பட வேண்டும்

திருஞானசம்பந்தப் பெருமானின் பதிகங்களை யாழில் இட்டு வாசித்து உடன் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவருடைய யாழால்தான் பதிகம் சிறக்கிறது என்று சுற்றத்தார் பேசக் கேட்டு மனம் நொந்த பாணர், யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருளுமாறு வேண்டினார். காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் பிள்ளையார் அவ்வாறே பாடினார். பின்தொடர இயலாத பாணர் யாழை முறிக்க ஓங்கியபோது, சம்பந்தர் தடுத்து, இயன்ற அளவில் வாசித்து வருமாறு பணித்ததாகப் பெரியபுராணம் கூறும். கருவியே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இக்காலப் பக்திப் பாடல்களைக் கேட்கும் முதியோர் பலரும் சொல்லும் குறை ஒன்றுண்டு. மெட்டு காதில் விழுகிறது, சொல் விழவில்லை. வயதின் குறை என்று எண்ணி வீட்டார் ஒலியைக் கூட்டுகின்றனர். மிருதங்கமும் சேர்ந்தே கூடுகிறது, சொல் தெளிவதில்லை.

முதுமையில் முதலில் குறைவது உயர்ந்த அதிர்வுகளைக் கேட்கும் திறன். உயிரெழுத்துகளின் ஒலி பெரிதும் தாழ்ந்த அதிர்வுகளில் நிற்கும். ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் கூர்மையோ நொடிக்கு ஏறத்தாழ 2000 முதல் 4000 அதிர்வுகள் வரை அமைகிறது. வயலினின் மேல் ஸ்தாயி, ஜால்ரா, கீபோர்டு எல்லாம் அங்கேயே வந்து குவிகின்றன. எனவே பழியை முழுவதும் காதின்மேல் போடுவது நியாயமன்று. பேரப்பிள்ளைகள் இப்பதிவுகளைக் கேட்டே பாட்டைப் பாடம் செய்கின்றனர். ளகரமும் ழகரமும் மங்கிவிட்டால், இறைவனிடம் ‘அளிப்பாய்’ என்று வேண்டுவதும் ‘அழிப்பாய்’ என்று வேண்டுவதும் ஒன்றாகிவிடும்.

முற்காலத்தில் ஒன்றிரண்டு ஒலிவாங்கிகளைச் சுற்றி அனைவரும் அமர்ந்து ஒரே சமயத்தில் இசைத்தனர். பாடுபவர் அருகில், தாளவாத்தியம் தள்ளி; தூரமே அளவுகோல். இன்று ஒவ்வொரு கருவியும் தனித்தனியே பதிவாகிறது; அவற்றை ஒன்றாகக் கலப்பவர் ஒலிப்பொறியாளர். அவருக்கு ஓர் இடர் உண்டு. ஒரே பாட்டை நூறு முறை கேட்பதால் சொற்கள் அவருக்கு மனப்பாடமாகிவிடும். குரல் எவ்வளவு அமுங்கியிருந்தாலும் அவர் காதுக்குத் தெளிவாகவே தோன்றும்! ஆகையால் தேர்ந்தவர்கள், பாட்டை முன்பின் கேளாத ஒருவரிடம், சிறிய ஒலிபெருக்கியில், மெல்லிய ஒலியில் போட்டுக் காட்டிச் சொல் புரிகிறதா என்று கேட்பார்கள்.

அவர்கள் குரலை உயர்த்திக்கொண்டே போவதில்லை. முதலில் குரலைத் தனியே நிறுத்தி, பின்பு கருவிகளை ஒவ்வொன்றாக அதன் கீழே கொண்டுவருவார்கள். சொல்லின் கூர்மை நிற்கும் அதிர்வுகளில் மட்டும் கருவிகளைச் சற்றுத் தணித்தால் போதும். குரல் தானே முன்னே வரும். பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் குழலும் வயலினும் தாராளமாக ஒலிக்கலாம். பாடுபவர் வாய் திறந்ததும் அவை ஒதுங்க வேண்டும். நல்ல பக்கவாத்தியக்காரர் யாரும் சொல்லாமலே இதைச் செய்வார். பிராகாரத்தில் பாடுவது போன்ற எதிரொலியைச் சேர்ப்பதும் வழக்கம். அது மிகுந்தால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமேல் விழும்.

பஜனை மடங்களுக்கு இயந்திர வசதி தேவையில்லை. ஜால்ராவையும் டோலக்கையும் ஒலிவாங்கியிலிருந்து நாலைந்து அடி தள்ளி அமர்த்தினாலே பாதிக் குறை தீரும். வீட்டிலும் ஒலிப்பெட்டியில் தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உயர்ந்த ஒலியைச் சற்றே கூட்டிக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆலயங்களில் மின்சார மேளம் வந்து வெகுகாலமாகிறது. தீபாராதனை முடிந்த பின்னும் அது முழங்கிக்கொண்டிருந்தால், ஓதுவார் பாடும் பஞ்சபுராணம் அருகில் நிற்பவருக்கும் கேளாது. அதை நிறுத்தும் விசை பெரும்பாலும் சுவரில், கைக்கெட்டும் உயரத்திலேயே இருக்கிறது.