சிபாரிசு வேறு, சான்று வேறு

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் உள்ள ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் கார் ஆலையும், 2012-இல் டெய்ம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த நம் பிள்ளைகள் பலர் வளைகுடா விசாவுக்குக் காத்திராமல் இன்று அப்பகுதி ஆலைகளுக்கு விண்ணப்பிக்கின்றனர். விண்ணப்பப் படிவங்கள் சிலவற்றின் இறுதியில் ஒரு கட்டம் இருக்கும்: உறவினரல்லாத, தங்களை நன்கு அறிந்த இருவரின் பெயர், பணி, கைப்பேசி எண்.

மதிப்பெண்ணை மும்முறை சரிபார்க்கும் பெற்றோர் இந்தக் கட்டத்தை மட்டும் நொடியில் நிரப்பிவிடுகின்றனர். ஜமாஅத் தலைவர் ஒருவர், ஊரின் பெரிய வியாபாரி ஒருவர். நிறுவனத்திலிருந்து அழைப்பு வரும்போது அந்தப் பெரியவர், "எந்தப் பையன்? யாருடைய மகன்?" என்று கேட்கிறார். அதைவிட மோசமானது, தாம் கண்ணால் காணாத உழைப்புக்கு, "மிகத் திறமைசாலி" என்று அவர் சொல்லிவிடுவது. பொய்ச் சாட்சியத்தைப் பெரும்பாவங்களில் ஒன்றாக எச்சரித்தபோது, சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள் நிமிர்ந்து அமர்ந்து அதைத் திரும்பத் திரும்பக் கூறினார்கள் என்பதை நாம் பலமுறை பயானில் கேட்டிருக்கிறோம். தொலைபேசியில் சொன்னால் மட்டும் அது சாட்சியம் இல்லை என்றாகிவிடுமா?

உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் சாட்சி சொல்ல வந்த நிகழ்ச்சி பைஹகீயின் தொகுப்பில் உள்ளது. வந்தவரைத் தமக்குத் தெரியாது என்றும், தாம் அறியாதிருப்பதால் அவருக்குக் குறைவொன்றும் இல்லை என்றும் கூறிய கலீஃபா, அவரை அறிந்த ஒருவரை அழைத்துவரச் சொன்னார்கள். கூட்டத்திலிருந்த ஒருவர், "நான் அறிவேன், நல்லவர்" என்றார். உமர் (ரலி) விசாரித்தார்கள்: இவருடைய இரவும் பகலும் தெரிந்த அண்டை வீட்டாரா நீர்? தீனார், திர்ஹமில் இவரோடு கொடுக்கல் வாங்கல் செய்தீரா? பயணத்தில் உடன் சென்றீரா? மூன்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. அப்படியானால் உமக்கு இவரைத் தெரியாது என்று முடித்துவிட்டார்கள்.

கலீஃபாவே அறியாதிருப்பது ஒருவருக்குக் குறைவில்லை என்றால், முத்தவல்லி நம் பிள்ளையை அறியாததில் என்ன வெட்கம்? ரமளான் மாலைகளில் அவனை நம்பிக் கல்லாவில் உட்கார வைத்த கடைக்காரர் இருக்கிறார். தீனார், திர்ஹமில் அவனைப் பார்த்தவர் அவர்தான். லேத் இயந்திரத்தின் முன் ஓராண்டு நிறுத்திப் பழக்கிய ஐ.டி.ஐ. பயிற்றுநர் இருக்கிறார். பெண்பிள்ளைகளுக்குப் பாலிடெக்னிக் ஆசிரியை இருக்கிறார். அந்நிய ஆணின் எண்ணைக் கொடுப்பதா என்று தயங்கும் வீடுகளுக்கு அதுவே போதும். மத்யனில் மூஸா (அலை) அவர்களைப் பலசாலி, நம்பகமானவர் என்று தந்தையிடம் எடுத்துரைத்த பெண்மணியும், தங்கள் ஆடுகளுக்கு அவர் நீர் புகட்டியதை நேரில் கண்டவரே.

செல்வாக்கு இல்லாமல் எந்த வேலை கிடைக்கிறது என்று சிலர் கேட்பர். நல்ல காரியத்துக்குச் சிபாரிசு செய்வதை மார்க்கம் தடுக்கவில்லை, ஊக்குவிக்கவே செய்கிறது. தெரிந்தவர் ஒருவர் மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். ஆனால் அந்தக் கட்டம் கேட்பது சிபாரிசு அன்று, சான்று.

சான்று சொல்பவருக்கும் ஒரு சங்கடம் உண்டு. குறையைச் சொன்னால் புறம் ஆகுமோ என்று அஞ்சுவார். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, ஒருவர் வசதியற்றவர், மற்றவர் கைத்தடியைத் தோளிலிருந்து இறக்காதவர் என்று நபி (ஸல்) அவர்கள் மறைக்காமல் கூறினார்கள்; முஸ்லிமில் உள்ள செய்தி இது. மாப்பிள்ளை விசாரிக்க வருவோரிடம் உண்மையை எதிர்பார்க்கும் நாம், வேலைக்கு விசாரிப்பவரிடம் மட்டும் மழுப்புவது நியாயமில்லை. நல்ல விதமாகச் சொல்ல இயலாது என்றால், பையன் வந்து கேட்கும்போதே, "தம்பி, வேறு ஒருவரைக் கேட்டுக்கொள்" என்று சொல்லிவிடலாம்.

அதற்கு அவன் முதலில் வந்து கேட்க வேண்டும். அனுமதியின்றி ஒருவருடைய எண்ணை எழுதுவது அடுத்தவர் வீட்டுக்குள் ஸலாம் சொல்லாமல் நுழைவது போன்றது. எந்த நிறுவனம், என்ன வேலை, எப்போது அழைப்பு வரலாம் என்பதையும் சொல்லி வைக்கட்டும். தெரியாத எண்ணை எடுக்காதவர்கள்தாம் நம்மில் அதிகம். காட்ட ஒருவருமே இல்லாத பிள்ளை என்றால், விண்ணப்பத்தைச் சிறிது தள்ளிவைத்து, உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் மூன்று மாதம் வேலைக்குப் போகட்டும்.